விருந்தின் முதல் டம்ளர்

கலரும் எசன்ஸும் கரைத்த வெல்கம் டிரிங்க் போதும். நம் வீட்டு அடுப்பிலேயே தயாராகட்டும், எல்லாரும் குடிக்கக்கூடிய ஒரு கொண்டாட்ட பானம்!

மாலை ஆறரை மணி. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஓய்ந்து கீபோர்டு தொடங்கியிருக்கிறது. சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு எல்லாவற்றையும் தாண்டினால் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை. அதன்மேல் வரிசை வரிசையாக வெல்கம் டிரிங்க். ஒரு பக்கம் அடர் ரோஸ், மறுபக்கம் பச்சை, நடுவில் பளீரென்ற நீலம். பட்டுப்பாவாடைக் குழந்தை ஒன்று இரண்டாவது கப்பை எடுக்கிறது. உதடு, நாக்கு, பாவாடை ஓரம் எல்லாம் ரோஸ். கூட வந்த தாத்தா கைகூப்பி, ‘சுகர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஒதுங்கிக்கொள்கிறார். அரை மணி நேரம் போனால் நாற்காலிகளுக்கு அடியில் பாதி குடித்த கப்புகள், தரையில் பிசுபிசுப்பு, அதை மிதித்து நடக்கும் செருப்புச் சத்தம்.

இலையில் எத்தனை வகை, எந்த ஊர் சமையல்காரர், பாயசம் அடையா பாலாடையா என்று மாதக்கணக்கில் யோசிக்கிற குடும்பங்கள் நாம். வந்தவர் கையில் முதலில் கொடுக்கிற டம்ளரை மட்டும் ‘அதை அவங்களே பார்த்துப்பாங்க’ என்று கேட்டரிங்காரர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அவர் பட்ஜெட்டுக்குள் எது வருமோ அதைத் தருகிறார். பெரும்பாலும் அது கலர், எசன்ஸ், சர்க்கரைப் பாகு, சோடா. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கேட்கவில்லை, அவர் தரவில்லை.

கேட்க வேண்டிய நேரம் இது. காதுகுத்து, வளைகாப்பு, பிறந்தநாள், புதுமனை புகுவிழா, மொட்டைமாடி நண்பர் கூட்டம் என வீட்டளவில் நடக்கிற விசேஷங்களுக்கு இந்தப் பானத்தை வீட்டிலேயே செய்துவிடலாம். வேலை ஒரு மணி நேரம்தான். அதற்கான கணக்கையும், கவனிக்க வேண்டிய ஆபத்துகளையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

குடிக்காதவருக்கு என்ன மரியாதை?

2023 ஏப்ரலில் தமிழகத்தில் ஒரு அரசாணை பெரும் விவாதமானது. திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்ற அறிவிப்புக்குக் கடும் எதிர்ப்பு கிளம்ப, திருமண மண்டபங்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. அந்த விவாதத்தில் மது வேண்டும், வேண்டாம் என்பதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். மது இல்லாத விருந்தில் என்ன தருவது என்பதை யாரும் பேசவில்லை.

மது வைக்கிற வீட்டு விசேஷங்களில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். மேசையில் இருக்கிற கோலாவும் சோடாவும் பாட்டிலில் கலப்பதற்காக வாங்கியவை. குடிக்காதவருக்குக் கிடைப்பது அதில் ஒரு டம்ளர். அவர் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு போக வேண்டியவராக இருக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவராக, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவராக, நேர்த்திக்கடன் விரதத்தில் இருப்பவராக இருக்கலாம். பல வருஷம் குடித்து, படாத பாடு பட்டு நிறுத்தியவராகவும் இருக்கலாம். இவர்கள் எல்லாரும் வெறும் கையோடு நின்றுகொண்டு, ‘ஏன் எடுக்கல?’ என்ற கேள்விக்கு இருபது பேரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. குடியை விட்டவருக்கு அந்தக் கேள்வி எத்தனை பாரம் என்பது அவர் வீட்டாருக்குத் தெரியும்.

அவர் கையில் அழகான ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தால், அதில் உள்ளது மற்றவர்களும் கேட்டு வாங்குகிற பானமாக இருந்தால், கேள்வியே எழாது. இதற்காகவாவது விருந்து கொடுக்கிறவர் ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்கலாம் என்பதே என் கட்சி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மதுவும் இந்தப் பானமும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி மேசை போடுங்கள். டம்ளர்களும் வேறு வேறாக இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து ஒரு குழந்தையோ, குடியை விட்ட ஒருவரோ தவறான டம்ளரை எடுத்துவிடக் கூடாது.

கம்பத்திலிருந்து வரும் கருஞ்சிவப்பு

கொண்டாட்டத்துக்கு நிறம் வேண்டும், மணம் வேண்டும், நுரை வேண்டும். நுரையைச் சோடா தரும். நிறத்தையும் மணத்தையும் எந்தப் பொடியும் இல்லாமல் தருகிற பழம் நம்மிடமே இருக்கிறது: பன்னீர் திராட்சை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொட்டை உண்டு, தோல் தடிமன், நாள்பட வைத்துக்கொள்ள முடியாது. கடித்துத் தின்பதற்கு இதெல்லாம் குறை. பானத்துக்கு இவையே அனுகூலம். நிறம் தோலில்தான் இருக்கிறது. கொத்திலிருந்து உதிர்ந்த பழம் பார்வைக்கு எடுபடாது என்பதால் விலை குறைவாகக் கிடைக்கும். அழுகல், பூஞ்சை இல்லாமல் பொறுக்கி எடுத்தால் இதற்கு அது தாராளம்.

பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மென்படலம் தெரியும். அது பழத்தின் இயற்கையான மெழுகு. ஆனால் மருந்துத் திட்டுகளும் அதோடு இருக்கலாம் என்பதால் மூன்று நான்கு தண்ணீரில் அலசுவது கட்டாயம்.

அடுத்து எல்லாரும் செய்கிற காரியம் மிக்ஸியில் போட்டு அடிப்பது. இங்கே அதைச் செய்யாதீர்கள். கொட்டை உடைந்தால் அதிலிருக்கும் துவர்ப்பும் கசப்பும் முழுக்க இறங்கிவிடும். பிறகு எத்தனை சர்க்கரை கொட்டினாலும் நாக்கின் பின்பக்கம் அது நிற்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் பழத்தைப் போட்டு, பாதியளவு தண்ணீர் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். புளிப்புக்கு அவை எதிர்வினை காட்டும், நிறமும் மங்கும். பத்து நிமிஷத்தில் பழங்கள் ஒவ்வொன்றாக ‘பட்’டென்று தோல் வெடிக்கும். முதலில் வெளுத்த இளஞ்சிவப்பாக இருக்கிற தண்ணீர் மெல்ல அடர்ந்து, தோல் வெளிறத் தொடங்கும் நேரத்தில் கருஞ்சிவப்பாக நிற்கும். அந்தக் கட்டத்தில் இறக்கிவிட வேண்டும். பருப்பு மத்தால் மெதுவாக மசித்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியை முறுக்கிப் பிழிந்தால் கசடு வரும்; தானாக வடியவிட்டால் கண்ணாடியாக வரும்.

சில வீடுகளில் இந்தச் சாறு சாம்பல் கலந்த ஊதாவாக நின்றுவிடும். போர் தண்ணீரின் காரத்தன்மை அதற்குக் காரணம். பயப்பட வேண்டாம். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டுக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மங்கலான ஊதா கண்ணெதிரே மாணிக்கச் சிவப்பாக மாறும். தோலில் இருக்கும் நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் பாயும். வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக் காட்ட வேண்டிய காட்சி இது.

சோடா சேர்ப்பது பரிமாறும்போதுதான். சாறும் சில்லென்று இருக்க வேண்டும், சோடாவும் சில்லென்று இருக்க வேண்டும். 0 டிகிரித் தண்ணீரில் கரைகிற கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதிதான் 20 டிகிரியில் கரையும். சூடான சோடாவை ஊற்றினால் நுரை பொங்கி அடங்கி, டம்ளரில் வெறும் இனிப்புத் தண்ணீர் மிஞ்சும். சாறு முதலில், சோடா மேலே, ஒரே ஒரு முறை கலக்கல், அவ்வளவுதான். கோலி சோடா கிடைக்கிற ஊரில் இருக்கிறவர்கள் அதையே வாங்கலாம். 1872இல் இங்கிலாந்தின் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டில் அவர் நாட்டில் வழக்கொழிந்து, நம் ஊர்ப் பெட்டிக்கடையில் வாழ்கிறது. விருந்தில் அதை உடைக்கிற சத்தத்துக்கே பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

பெட்டிச் செய்தி: 20 டம்ளருக்கு

(டம்ளர் ஒன்று 150 மி.லி.)

பன்னீர் திராட்சை 1 கிலோ, தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை 60 கிராம், எலுமிச்சை 2, தட்டிய இஞ்சி ஒரு விரற்கடை, உப்பு 2 சிட்டிகை, புதினா ஒரு கைப்பிடி, சோடா 2 லிட்டர்.

பழம் வேகும்போதே இஞ்சியைச் சேர்க்கவும். இறக்கிய சூட்டில் சர்க்கரையும் உப்பும், ஆறி வடிகட்டிய பிறகு எலுமிச்சைச் சாறு. சுமார் 1.2 லிட்டர் சாறு கிடைக்கும். டம்ளருக்கு 60 மி.லி. சாறு ஊற்றி, மீதியைச் சோடாவால் நிரப்பி, புதினாவைக் கையில் ஒரு தட்டுத் தட்டி மேலே போடவும்.

அந்தச் சாற்றையே ஐஸ் தட்டில் ஊற்றி முந்தின இரவு உறையவைத்தால், கட்டி கரையக் கரைய ருசி நீர்த்துப்போகாது. உறைந்த முழுத் திராட்சையையும் டம்ளரில் போடலாம்; 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் டம்ளரில் மட்டும் கூடவே கூடாது, தொண்டையில் அடைக்கும்.

வீட்டில் செய்தால் சர்க்கரை இல்லையா?

இந்த நம்பிக்கைதான் பெரிய ஏமாற்றம். மேலே சொன்ன அளவில் ஒரு டம்ளருக்கு நாம் சேர்க்கிற சர்க்கரை 3 கிராம். பழத்தின் சொந்த இனிப்பு ஏறத்தாழ 7 கிராம். ஆக 10 கிராம் சுமாருக்கு வரும். நாக்குக்கு இனிப்பு போதவில்லை என்று 60 கிராமை 150 ஆக்கினால், அதே 150 மி.லி. கோலாவில் இருக்கிற அளவை நெருங்கிவிடுவோம். வீட்டில் செய்தோம், பழத்தில் செய்தோம் என்பதால் கணையம் நம்மை விட்டுவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பழச்சாற்றில் இருக்கும் இனிப்பு, தேன், சர்க்கரைப் பாகு எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. ஒரு நாளுக்கு இவை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது அதன் கருத்து. 300 மி.லி. கோலா ஒன்றே 30 கிராமைத் தாண்டும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று பெயர் மாறினாலும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. ‘வெல்லம்தானே, குடிங்க மாமா’ என்று சர்க்கரை நோயாளியை வற்புறுத்துகிற பாசம் அவருக்கு நல்லதல்ல.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நம் விசேஷத்துக்கு வருகிற நூறு பேரில் அந்தத் தாத்தாவைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அவர்களுக்கென்று ஒரு குடுவை தனியாக வைப்பது சலுகையாகத் தோன்றாது. எலுமிச்சை, உப்பு, இஞ்சி, புதினா, ஊறவைத்த சப்ஜா விதை, மேலே சோடா. சர்க்கரை ஒரு துளியும் இல்லை. கண்ணாடி டம்ளரில் சப்ஜா மிதக்க, புதினா நிற்க, திராட்சை டம்ளருக்குப் பக்கத்தில் அதே தட்டில் அது வர வேண்டும். ‘உங்களுக்கு ஸ்பெஷலா தண்ணி எடுத்துட்டு வரேன்’ என்று உள்ளே ஓட வேண்டியதில்லை.

பெட்டிச் செய்தி: யாருக்கு எது?

நீரிழிவு உள்ளவர்களுக்கு: சர்க்கரை சேர்க்காத எலுமிச்சை-இஞ்சி சோடா, நீர்மோர்.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு: நீர்மோரிலும் எலுமிச்சை சோடாவிலும் உப்பைத் தவிர்த்துவிட்டு இஞ்சி, கறிவேப்பிலை, சீரகம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு: இளநீரிலும் பழச்சாற்றிலும் பொட்டாசியம் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு: சோடா இல்லாமல், தண்ணீர் கலந்த பானம்.

கலர், புகை, ஐஸ்

கடைகளிலும் மண்டபங்களிலும் கண்ணைப் பறிக்கிற மூன்று விஷயங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது கலர். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் அந்தப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. விசேஷப் பரபரப்பில் பாட்டில் மூடியால் அளக்கிற கை அந்த அளவைப் பார்ப்பதில்லை. நீலம் வேண்டுமென்றால் வேலியோரம் சங்குப்பூ இருக்கிறது. பதினைந்து பூவை வெந்நீரில் போட்டால் ஆழ்ந்த நீலம். எலுமிச்சை விட்டதும் ஊதா. திராட்சையில் நடந்த அதே வித்தை இங்கேயும் நடக்கிறது.

இரண்டாவது புகை. டம்ளரிலிருந்து வெள்ளைப் புகை வழிய, அதைச் செல்போனில் பிடிப்பது இப்போது மோகம். அதற்குப் பயன்படுவது திரவ நைட்ரஜன் அல்லது உலர்பனி. திரவ நைட்ரஜன் கொதிப்பதே மைனஸ் 196 டிகிரியில். உலர்பனி மைனஸ் 78. முழுதும் ஆவியாகாமல் உள்ளே போனால் உணவுக்குழாயையும் வயிற்றையும் புண்ணாக்கும், ஓட்டையே போட்டுவிடும். பெங்களூருவில் ஒரு திருமண வரவேற்பில் நைட்ரஜன் பீடா சாப்பிட்ட 12 வயதுச் சிறுமிக்கு வயிற்றில் துளை விழுந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் உலர்பனியை வாய்ப் புத்துணர்ச்சிப் பொருள் என்று நினைத்து மென்ற ஐந்து பேர் இரத்த வாந்தி எடுத்தார்கள். அடுத்த மாதமே தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையும் திரவ நைட்ரஜனை உணவோடு நேரடியாகத் தருவதற்கு எதிராக நடவடிக்கையில் இறங்கியது. வீட்டு விசேஷத்துக்குப் புகை வேண்டவே வேண்டாம். கேட்டரிங்காரர் ‘இலவசம்’ என்று சொன்னாலும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஐஸ். மீனுக்குப் போடுகிற பாளம் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாக்குப்பையில் கட்டி, தரையில் போட்டு உடைத்து, அப்படியே அண்டாவில் கொட்டுகிற காட்சியை எத்தனையோ சமையல்கட்டுகளில் பார்க்கலாம். அந்த ஐஸைக் குடத்துக்கு வெளியே சுற்றி அடுக்கிக் குளிரவைக்கலாம். பானத்துக்குள் போடக் கூடாது. கோடைக் கல்யாணத்துக்குப் போய்வந்த பலருக்கு மறுநாள் வயிறு கெடும்போது பழி பாயசத்தின் மேல் விழுகிறது. ஐஸை யாரும் நினைப்பதில்லை.

ராம நவமி, சித்திரை, நோன்பு, கிறிஸ்துமஸ்

கூட்டத்துக்குப் பானம் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ராம நவமிக்குப் பானகமும் நீர்மோரும் வடபருப்பும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு வரும் வழியெங்கும் மண்டகப்படிகளில் பானகமும் மோரும். ஆந்திரத்தின் மங்களகிரியில் நரசிம்மரின் வாயிலேயே பானகத்தை ஊற்றுகிறார்கள். நோன்பு திறக்கிற மாலைகளில் கஞ்சிக்குப் பக்கத்தில் நன்னாரி சர்பத்தோ ரோஸ் மில்க்கோ. கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு திராட்சை ரசம். அமெரிக்காவில் 1869இல் தாமஸ் வெல்ச் என்பவர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் பாதுகாத்ததே, தேவாலய நற்கருணைக்கு மதுவுக்கு மாற்று வேண்டும் என்பதற்காகத்தான்.

வெல்லப் பானகத்துக்கும் அளவு சொல்லிவிடுகிறேன். 2 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பொடித்த வெல்லம். கரைத்ததும் வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். 3 எலுமிச்சை, ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, 6 ஏலக்காய், சிட்டிகை உப்பு, துளசி. மண்பானையில் இரண்டு மணி நேரம் வைத்தால் 20 சிறு டம்ளர் வரும். ஐஸே தேவையில்லை. பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவில் கலக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு படவே கூடாது. உலோகம் பானத்தில் இறங்கி வாந்தியை உண்டாக்கும்.

எத்தனை நாள் தாங்கும்?

சோடா கலக்காத திராட்சைச் சாறு, கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் பாட்டிலில், ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். வெளியே வைத்தால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். இனிப்பு குறையும், குமிழி வரும், ஆல்கஹால் சேரும். இறுக மூடிய பாட்டிலானால் வாயு அழுத்தத்தில் வெடிக்கவும் கூடும். மதுவே இல்லாத பானம் என்று சொல்லிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம் என்பதால், தானாக நுரைத்த சாற்றை ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். முந்தின இரவு சாறு எடுப்பது, மறுநாள் பரிமாறும்போது சோடா ஊற்றுவது, இந்த முறைதான் பத்திரம்.

கப் விஷயமும் இதோடு சேர்ந்ததே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், ஸ்ட்ரா எல்லாவற்றுக்கும் தடை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரும் கண்ணாடி டம்ளரும் வாடகைப் பாத்திரக் கடையில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. திராட்சையின் நிறம் கண்ணாடியில்தான் தெரியும். வாடகை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள்.

200 பேர் வந்தால்?

ஐம்பது பேர் வரை வீட்டு அடுப்பு சமாளிக்கும். அதற்கு மேல் போனால் சமையல் மாஸ்டரிடம் பேச வேண்டும். பெரும்பாலான மாஸ்டர்களுக்கு இது ரசம் வைப்பதைவிடச் சுலபமான வேலை. பழத்தை நாம் வாங்கிக் கொடுத்துவிட்டால் மறுக்க மாட்டார்கள். மாலை விசேஷம் என்றால் காலை டிபன் முடிந்த அடுப்பில் சாறு இறக்கச் சொல்லுங்கள். ஆறி, வடிந்து, குளிர நேரம் இருக்கும்.

சாமான் லிஸ்ட் எழுதுகிற அன்று பக்கத்தில் உட்காருங்கள். ‘எசன்ஸ், கலர்’ என்ற வரி வந்தால் அடித்துவிட்டு இதை எழுதச் சொல்லுங்கள்: பன்னீர் திராட்சை 10 கிலோ, சர்க்கரை 600 கிராம், எலுமிச்சை 20, இஞ்சி கால் கிலோ, புதினா 10 கட்டு, சோடா 20 லிட்டர். இது 200 டம்ளருக்கு. சர்க்கரை வேண்டாதவர்களுக்கென்று தனியாக எலுமிச்சை 30, சப்ஜா 100 கிராம், இன்னும் 10 லிட்டர் சோடா. குடிக்கிற ஐஸ் என்று கேட்டு, உணவுத் தர உரிமம் உள்ள இடத்திலிருந்து வாங்கச் சொல்லி, அதன் பில்லையும் கேளுங்கள்.